பூட்டிக் கெடந்த வீட்டு வாடை, மீன் சட்டி வாடை, மெத்தை வாடை: வாசகர் கேள்விக்கு ஆச்சி பதில்

வீட்டு வாடைக்கு கடையில ஸ்ப்ரே வாங்காம அடுப்படியில இருக்கறத வச்சே என்ன பண்ணலாம்னு கேட்டு இந்த தடவை கடுதாசியும் வாட்ஸ்அப்பும் குமிஞ்சிருச்சு. ஒரே மாதிரி கேள்விகள ஒண்ணா சேத்துட்டேன். பேர் போட வேணாம்னு சில பேர் கேட்டிருந்தீங்க, அதனால எல்லாருக்குமே ஊர் பேர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: ஆச்சி, எங்க ஐயா கட்டுன வீடு. நாங்க எல்லாரும் சென்னை, பெங்களூர்னு இருக்கோம், விசேஷம்னாத்தான் தெறப்போம். வர்ற தையில தம்பி கல்யாணம் அங்கதான் வச்சிருக்கோம். வீட்ட தெறந்தா ஒரே பூசண வாடை, முற்றத்த சுத்தி இருக்கற வளவு ரூமுக்குள்ள நிக்கவே முடியல. சாம்பிராணி போட்டோம், ரூம் ஸ்ப்ரே அடிச்சோம், அன்னிக்கு நல்லாருக்கு மறுநாள் திரும்ப வந்துருது. நல்ல பெயிண்ட்டா பாத்து அடிச்சிரலாமா? (கானாடுகாத்தான்)

பெயிண்ட்ட மட்டும் இப்ப தொடாதீங்க தங்கச்சி, அது ஏன்னு பின்னாடி சொல்றேன். முதல்ல ஒண்ண புரிஞ்சுக்கங்க, சாம்பிராணியும் ஸ்ப்ரேயும் வாடை மேல இன்னொரு வாசத்த போடுதே தவிர பழைய வாடைய எடுக்கல, அதான் மறுநாள் திரும்பி வருது. பூட்டுன வீட்ல வர்றது ஒரு வாடை இல்ல, மூணு நாலு வாடை சேந்து வருது, ஒவ்வொண்ணும் எங்கேருந்து வருதுன்னு பிரிச்சு பாத்தாத்தான் போகும்.

முதல் ஆள் ஈரம். மேல ஏறி ஓட்ட பாக்கச் சொல்லுங்க. ஒரு ஓடு நகந்திருந்தாலும் ஐப்பசி கார்த்திகை மழைத்தண்ணி முழுக்க மரத்துலயும் சுவத்துலயும்தான் இறங்கிருக்கும். முற்றத்து தகர தாழ்வாரத்துல எலை சருகு அடைச்சு தண்ணி திரும்பி சுவத்துல வழியறதும் உண்டு. ஒழுகல நிறுத்தாம உள்ள என்ன வைத்தியம் பண்ணாலும் காசும் நேரமும்தான் வீணாகும், கொத்தனார கூப்புட்டு ஓடு மாத்தறதுதான் முதல் வேலை.

அடுத்தது காத்து. நம்ம செட்டிநாட்டு வீட்ட அந்தக் காலத்து பெரியவுக முகப்புலருந்து பின்கட்டு வரைக்கும் வாசல நேர்கோட்டுல வச்சு, நடுவுல முற்றத்த தெறந்து விட்டு கட்டுனது காத்து போறதுக்குத்தான். எல்லா வாசலையும் ஒரே நேரத்துல தெறந்து வைங்க, ஒண்ணு மூடியிருந்தாலும் காத்து ஓடாது. மார்கழியில காலைல பனி ஈரம் இருக்கும், வெயில் நல்லா ஏறுனப்பறம் தெறந்து பொழுது சாயறதுக்குள்ள மூடிருங்க. ராத்திரி தெறந்து போட்டா ஈரக் காத்தும் கொசுவும் வவ்வாலும்தான் உள்ள வரும். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி போயி தெறந்தா பத்தாது, ரெண்டு மூணு வாரமாவது இப்படி தெறந்து மூட ஒரு ஆள ஏற்பாடு பண்ணுங்க. வளவு ரூம்ல இருக்கற மெத்தை, தலகாணி, ஜமுக்காளம், பாய், கொட்டான் எல்லாத்தையும் முற்றத்துக்கு இழுத்துட்டு வந்து வெயில்ல போடுங்க. ரூம் காலியானாலே பாதி வாடை கொறஞ்சிரும், ஏன்னா துணியும் பஞ்சும்தான் வாடைய உள்ள இழுத்து வச்சுக்கும்.

இப்ப பெயிண்ட் விஷயம். பழைய சுவரு பூராம் சுண்ணாம்புப் பூச்சு, அது ஈரத்த வாங்கும், திரும்ப வெளிய விடும். அதுக்கு மேல எமல்ஷன் பெயிண்ட அடிச்சா ஈரம் உள்ளயே மாட்டிக்கும், கொஞ்ச நாள்ல பெயிண்ட் கொப்பளிச்சு உள்ள பூசணம் புடிச்சு இன்னும் மோசமா நாறும். அடிக்கணும்னா பழைய மாதிரி சுண்ணாம்பு அடிங்க, சுண்ணாம்போட காரத்துல பூசணம் லேசுல வளராது, செலவும் கம்மி. சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கருவ சேத்து பூசுன, கண்ணாடி மாதிரி மினுங்கற முட்டைப் பூச்சு சுவரு இருந்துச்சுன்னா அதுல சுண்ணாம்பும் வேணாம் சோப்பும் வேணாம் வினிகரும் வேணாம், நல்லா பிழிஞ்ச மெல்லிய துணியால தொடச்சு உடனே காஞ்ச துணியால ஒத்தி எடுங்க, இன்னிக்கு அந்த பூச்சு செய்யத் தெரிஞ்ச ஆளு கெடைக்கறதே கஷ்டம்.

தேக்கு கதவு, பெட்டகம், அலமாரி தட்டுல வெள்ளையா பச்சையா பூசணம் படிஞ்சிருந்தா வீட்டுக்குள்ள வச்சு தட்டாதீங்க, அந்த தூசி காத்துல பரவி வேற எடத்துல போயி உக்காரும். வாய மூக்க மூடிக்கிட்டு ஒரு பங்கு வினிகர்ல ரெண்டு பங்கு தண்ணி கலந்து துணிய நனைச்சு பிழிஞ்சு தொடைங்க, மரத்த ஊற விடக்கூடாது, தொடச்ச கையோட காய வைங்க.

இன்னொண்ணு, இத நெறைய பேர் கவனிக்கறதே இல்ல. பாத்ரூம், அங்கணம், சிங்க் இங்கெல்லாம் குழாய்க்கு அடியில வளைவு ஒண்ணு இருக்கும், அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நின்னு சாக்கடை வாயுவ மேல வரவிடாம தடுக்கும். வீட்ட மாசக்கணக்குல பூட்டிப் போட்டா அந்த தண்ணி காஞ்சு போயி செப்டிக் டேங்க் வாடை நேரா ரூமுக்கு வந்துரும், நம்ம அத பூசண வாடைன்னு நெனச்சு சாம்பிராணி போட்டுக்கிட்டு இருப்போம். எல்லா ஓட்டையிலயும் ஒவ்வொரு வாளி தண்ணி ஊத்துங்க, வித்தியாசம் அன்னிக்கே தெரியும். கல்யாணம் முடிஞ்சு திரும்ப பூட்டும்போது தண்ணி ஊத்திட்டு மேல ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விடுங்க, எண்ணெய் தண்ணி மேல மெதந்து அது சீக்கிரம் ஆவியாகாம பாத்துக்கும்.

வவ்வால் புழுக்கை கெடந்தா மட்டும் தயவுசெஞ்சு வெளக்கமாத்த எடுத்து காஞ்சபடியே கூட்டாதீங்க, வேலைக்கு வர்ற அம்மாவயும் கூட்ட விடாதீங்க. அந்த தூசி நுரையீரலுக்கு கெடுதல். தண்ணி தெளிச்சு ஈரமாக்கி, மாஸ்க்கும் கையுறையும் போட்டுத்தான் அள்ளணும். பொழுது சாஞ்சு வவ்வால் வெளிய போனப்பறம் அது வர்ற சந்த வலை வச்சு அடைங்க, குட்டி இருக்கான்னு முதல்ல பாத்துக்கங்க.

இம்புட்டும் முடிஞ்சப்பறம் மூடி வைக்கற ஒவ்வொரு ரூம்லயும் அகலமான மங்கு பேசின்ல கல்லுப்பும், துணி மூட்டையில கருவேலங்கரியும் வைங்க. காத்துல ஈரம் ஏறும்போது உப்பு அத இழுத்து கசியும், கசிஞ்ச உப்ப மாத்திரணும். கரி நம்ம பக்கம்தான் மூட்டம் போட்டு விக்கிறாகளே, சல்லிசா கெடைக்கும், அப்பப்ப வெயில்ல காய வச்சு திரும்ப வைக்கலாம். கடையில விக்கற ஆக்டிவேட்டட் கரி அளவுக்கு இது இழுக்காது, சின்ன ரூமுக்கு, அலமாரிக்கு போதும். அப்பறமா சாம்பிராணி போடுங்க, அப்ப வர்ற வாசம் நிக்கும்.

கேள்வி: ஞாயித்துக்கெழம மீனு வாங்குனா புதன்கெழம வரைக்கும் அடுப்படி நாறுது. மண்சட்டியிலயும் வாடை, கையிலயும் வாடை. சோப்பு போட்டு தேச்சு தேச்சு கையே வறண்டு போச்சு ஆச்சி. (காரைக்குடி)

சோப்ப விட்டுட்டு புளிய எடுங்க. தொண்டி பக்கத்துலருந்து வர்ற கடல் மீன்ல வீச்சம் வர்றதுக்கு காரணம் ட்ரைமெத்திலமீன்னு ஒரு பொருளு, மீன் செத்தப்பறம் நேரமாக ஆக அது கூடிக்கிட்டே போகும். அது காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டா அடங்கிரும். நம்ம ஆத்தா அப்பத்தால்லாம் மீன கழுவும்போது கல்லுப்பும் மஞ்சளும் புளித்தண்ணியும் போட்டு அலசுனது, மோர்ல போட்டு எடுத்தது எல்லாம் இதுக்குத்தான். கம்மா மீனுல வர்ற சேத்து வாடை வேற சங்கதி, அது ஜியோஸ்மின், முதல் மழைக்கு மண்ணுல கெளம்பற வாசமும் அதேதான். அதுவும் புளிப்புல ஒடையும், அதனால கெளுத்தி, கெண்டைக்கெல்லாம் புளித்தண்ணியில கொஞ்ச நேரம் கூடவே போட்டு வைங்க.

கைக்கு, மீன் கழுவுன உடனே பச்சத்தண்ணியில அலசிட்டு, கரைச்ச புளி சக்கைய நகத்து இடுக்கு வரைக்கும் தேச்சு கழுவுங்க. எலுமிச்சம்பழம் பிழிஞ்ச தோலும் நல்லாருக்கும், ஆனா கையில வெட்டுக்காயம் இருந்தா எரியும். பாத்திரத்தையும் அருவாமணையையும் முதல்ல பச்சத்தண்ணியிலதான் கழுவணும், எடுத்ததும் சுடுதண்ணி ஊத்துனா மீனோட சத்து வெந்து பாத்திரத்துல ஒட்டிக்கும், வாடையும் அதோடயே இருந்துரும். சுடுதண்ணி, புளி எல்லாம் ரெண்டாவது கழுவலுக்கு. அருவாமணை இரும்புல புளி பட்டா துரு புடிக்கும், உடனே தொடச்சு ஒரு சொட்டு எண்ணெய் தடவிருங்க.

மண்சட்டிக்கு சோப்பே ஆகாது, சட்டி அத குடிச்சு வச்சுக்கிட்டு அடுத்த குழம்புல கக்கும். தவிடும் கல்லுப்பும் போட்டு தேங்கா நாரால தேச்சு, புளித்தண்ணி ஊத்தி ஒரு கொதி விட்டு கொட்டிட்டு, வெயில்ல கவுத்து வைங்க. ஒரு நாள் வெயில் பத்தலன்னா ரெண்டு நாள் வைங்க. மீன் குழம்புக்குன்னு ஒரு சட்டிய தனியா ஒதுக்கிருங்க, அதுல பருப்பு வேக வச்சா எந்த வைத்தியமும் காப்பாத்தாது. மீன் வெட்டுற கட்டைக்கும் இதே உப்பு தேய்ப்புதான், அதோட பாதி எலுமிச்சம்பழத்த வச்சு அழுத்தி தேச்சு காய வைங்க.

புதன்கெழம வரைக்கும் அடுப்படி நாறுதுன்னா மீனு போயிருச்சு, அதோட மிச்சம் எங்கயோ இருக்குன்னு அர்த்தம். செதிலும் குடலும் குப்பைக்கூடைல கெடக்கா பாருங்க, தோட்டம் இருந்தா செடிக்கடியில நாய் தோண்டாத அளவுக்கு ஆழமா பொதைச்சிருங்க, இல்லன்னா பேப்பர்ல சுத்தி கவர்ல கட்டி ஃப்ரீசர்ல போட்டு குப்பை வண்டி வர்ற அன்னிக்கு எடுங்க. சிங்க் ஓட்டைல செதில் மாட்டியிருக்கும். மீன் பொரிச்ச எண்ணெய் ஆவி எக்ஸாஸ்ட் ஃபேன் எறக்கையிலயும், அடுப்புக்கு பின்னாடி சுவத்துலயும் பிசுக்கா படிஞ்சிருக்கும், பூந்திக்கொட்டை ஊற வச்ச தண்ணிய சுட வச்சு அதுல துணிய நனைச்சு தொடைங்க, பிசுக்கோட வாடையும் வந்துரும். பட்டை, கிராம்பு போட்டு தண்ணி கொதிக்க விடறது விருந்தாளி வர்ற ஒரு மணி நேரத்துக்கு ஆகும், அவ்வளவுதான்.

கேள்வி: வீட்டு நாய் ஆத்தங்குடி கல்லு மேல ஒரே எடத்துல சிறுநீர் கழிக்குது. வினிகர் ஊத்தி தொடைக்கச் சொல்லி ஒரு வீடியோவுல பாத்தேன், செய்யலாமா? (ஆத்தங்குடி)

வேணவே வேணாம். இந்த ஊர்ல இருந்துக்கிட்டு அந்தக் கல்லு எப்படி செய்றாகன்னு பாத்திருப்பீங்களே, கண்ணாடி மேல கலர ஊத்தி, மணலு சிமெண்ட் போட்டு, தண்ணியில ஊற வச்சு எடுக்கறாக, சுடறதே இல்ல. சிமெண்டுக்கு புளிப்பு ஆகாது. வினிகர், எலுமிச்ச, டாய்லெட் கழுவுற ஆசிட் எது பட்டாலும் மேல அரிச்சு கலரு மங்கிரும், அந்த மங்குனது திரும்ப வராது. இத்தாலி மார்பிள் போட்ட பழைய வீட்டுக்காரவுகளுக்கும் இதேதான் சொல்றேன், மார்பிளும் புளிப்புல அரிக்கும்.

பாத்த உடனே பழந்துணியால ஒத்தி எடுங்க, தேச்சு பரப்பாதீங்க. அப்பறம் வெறும் தண்ணியில ரெண்டு தடவை தொடச்சிட்டு, ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் சோடா உப்பு கரைச்சு தொடச்சு, திரும்ப நல்ல தண்ணி. முதல்ல யாருக்கும் தெரியாத மூலையில ஒரு கல்லுல செஞ்சு பாத்துக்கங்க. காஞ்சப்பறம் தேங்கா எண்ணெய் ரெண்டு சொட்டு துணியில விட்டு தொடச்சா பளபளப்பு வந்துரும். வாடை கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் நாய் அதே எடத்துக்கு திரும்ப வரும், அதனால கல்லுக்கு கல்லு நடுவுல உள்ள சந்துல ஒரு பிரஷ்ஷ வச்சு சுத்தம் பண்ணுங்க. புதுசா அந்த பழக்கம் வந்திருந்தா மாட்டாஸ்பத்திரில ஒரு தடவை காட்டிருங்க, மூத்திரப்பைல ஏதாச்சும் இருந்தாலும் இப்படி செய்யும்.

கேள்வி: ஃப்ரிட்ஜ தெறந்தாலே வாடை. உள்ள எல்லாம் தொடச்சிட்டேன், எலுமிச்சம்பழமும் வெட்டி வச்சிருக்கேன். (தேவகோட்டை)

ஃப்ரிட்ஜுக்கு பின்னாடி கீழ ஒரு தட்டு இருக்கும், உள்ள உருகற தண்ணி அதுலதான் வந்து சேரும். அத என்னிக்காவது வெளிய எடுத்தீங்களா? முதல்ல ப்ளக்க புடுங்கிட்டு அத கழுவுங்க. அடுத்தது கதவு ரப்பர் மடிப்பு, கருப்பா பூசணம் ஒட்டியிருக்கும், சோடா உப்பு தண்ணியில பழைய டூத் பிரஷ்ஷ வச்சு எடுங்க. வெட்டுன எலுமிச்சம்பழத்த தூக்கி போட்டுருங்க, அதுவே ரெண்டு நாள்ல பூசணம் புடிக்கும். வாயகன்ற கிண்ணத்துல சோடா உப்பு வைங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்துங்க, எடுத்தத சமைக்காம சிங்க்ல கொட்டிருங்க. அரைச்ச வெங்காயம் பூண்டு மசாலாவ எவர்சில்வர் டப்பாவுல மூடி வைங்க, பிளாஸ்டிக்ல வச்சா அந்த டப்பாவ விட்டு வாடை போகவே போகாது.

கேள்வி: சிங்க் வாடைக்கு சோடா உப்பும் வினிகரும் கலந்து ஊத்துனா நல்லா பொங்குது, ஆனா வாடை போக மாட்டேங்குது. பிளீச்சிங் பவுடரும் சேத்தா சரியா வருமா? (பள்ளத்தூர்)

பிளீச்சிங் பவுடர வினிகரோடயோ டாய்லெட் ஆசிடோடயோ சேக்கவே கூடாது, குளோரின் வாயு கெளம்பும், சின்ன பாத்ரூம்ல கதவ சாத்திக்கிட்டு செஞ்சா மூச்சு அடைச்சு உசுருக்கே ஆபத்து. இத வீட்டு வேலைக்கு வர்றவுககிட்டயும் சொல்லி வைங்க, ரெண்டையும் ஒரே அலமாரியில வைக்காதீங்க.

பொங்கறது பாக்க நல்லாருக்கும், ஆனா சோடா உப்பு ஒரு பக்கம், வினிகர் எதிர்ப்பக்கம், ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சு கடைசில உப்புத்தண்ணி மாதிரி ஒண்ணுதான் மிச்சம். தனித்தனியா போட்டாத்தான் ரெண்டுக்கும் வேலை இருக்கு. ராத்திரி படுக்கும்போது சோடா உப்பு நாலு ஸ்பூன் போட்டு விட்டுட்டு காலைல நல்ல சூடா தண்ணி ஊத்துங்க, பிளாஸ்டிக் குழாயா இருந்தா கொதிக்க கொதிக்க ஊத்தாதீங்க. அதுலயும் போகலன்னா சிங்குக்கு கீழ உள்ள கப்ப கழட்டி கொட்டறத தவிர வேற வழி இல்ல, கீழ ஒரு வாளிய வச்சுட்டு திருகுனா வந்துரும், உள்ள கெடக்கற சோறும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் நாறுது.

கேள்வி: எங்க அயித்தை படுத்த படுக்கையா இருக்காக. ரூம்ல சிறுநீர் வாடை. இலவம்பஞ்சு மெத்தை. யாராச்சும் பாக்க வந்தா அவுக கூசிப்போறாக, அத பாத்தா எனக்கு மனசு கேக்கல. (புதுவயல்)

இத எழுதுனதுக்கே உங்களுக்கு புண்ணியம் தாயி. அவுக கூசிப்போறாகன்னு நீங்க கவனிச்சிருக்கீங்க பாருங்க, அந்த மனசுதான் முக்கியம். வாடைய பத்தி அவுக காதுபட யாரும் பேசாம பாத்துக்கங்க, மூக்க பொத்திக்கிட்டு உள்ள வர்ற சொந்தக்காரவுக யாரா இருந்தாலும் வெளியவே நிறுத்தி சொல்லிருங்க.

சிறுநீர் புதுசா இருக்கும்போது அவ்வளவு வாடை இருக்காது, நேரமாச்சுன்னா கிருமி அத ஒடைச்சு அமோனியாவா ஆக்கும், அதான் மூக்க குத்தறது. அதனால உடனே எடுக்கறதுதான் பெரிய மருந்து. இலவம்பஞ்சுக்குள்ள ஈரம் போனா சீக்கிரம் காயாது, கட்டி தட்டிரும், அதனால மெத்தைக்கு மேல ரப்பர் ஷீட்டு, அதுக்கு மேல பழைய பருத்தி வேட்டி நாலா மடிச்சு, அதுக்கு மேல விரிப்புன்னு போடுங்க. ரப்பர் மேல நேரா தோல் படக்கூடாது, புண்ணு வந்துரும். இப்ப ஏற்கனவே வாடை ஏறுன மெத்தைக்கு, வினிகர் ஒரு பங்கு தண்ணி ரெண்டு பங்கு கலந்து மேல உறைய மட்டும் நனையற மாதிரி தெளிச்சு துணியால ஒத்தி எடுங்க, காஞ்சதும் சோடா உப்ப நல்லா தூவி ராத்திரி முழுக்க விட்டு காலைல தட்டிட்டு, ரெண்டு பக்கமும் திருப்பி திருப்பி நல்ல வெயில்ல போடுங்க. இந்த வேலை நடக்கறப்ப அவுகளுக்கு வேற மெத்தை வேணும்ல, அக்கம்பக்கத்துல கேட்டு வாங்கிக்கங்க. ரொம்ப நாள் ஊறுன பஞ்சுன்னா பிரிச்சு பஞ்ச மாத்தறதுதான் நல்லது, செலவ பாக்காதீங்க.

நனைஞ்ச துணிய வாளியில சேத்து வைக்காம உடனே பச்சத்தண்ணியில அலசிட்டு, கடைசி அலசல் தண்ணியில அரை டம்ளர் வினிகர் விட்டு காயப்போடுங்க. பிளீச்சிங் தண்ணி அந்த துணிக்கு வேணாம், அமோனியாவோட சேந்தா அதுவும் கெட்ட வாயுதான்.

வாடைக்கு பயந்து அவுகளுக்கு தண்ணி குடுக்கறத கொறச்சிராதீங்க, தண்ணி கொறஞ்சா சிறுநீர் கெட்டியாகி வாடை கூடத்தான் செய்யும். திடீர்னு வாடை ரொம்ப மாறிருந்தா, காய்ச்சல், எரிச்சல், பேச்சுல தடுமாற்றம் ஏதாச்சும் இருந்தா கிருமித்தொத்தா இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: தெனமும் சாயங்காலம் சாம்பிராணி போடறது எங்க வீட்டு வழக்கம். பேரனுக்கு இழுப்பு இருக்கு, மருமக வேணாங்கறா. (திருமயம்)

மருமக சொல்றதுதான் சரி. எந்தப் புகையா இருந்தாலும் இழுப்பு உள்ள புள்ளைக்கு ஆகாது, சாம்பிராணின்னு நுரையீரலுக்கு தெரியாது. சாமி ரூம்ல ஒரு விளக்கு ஏத்தி மல்லியப்பூவ வைங்க, வெட்டிவேர தண்ணியில நனைச்சு ஜன்னல்ல கட்டி விடுங்க, வீடு குளுகுளுன்னு மணக்கும், வேரு காஞ்சு போனா நனைச்சா போதும். நல்ல நாள் பெரிய நாளைக்கு போட்டே ஆகணும்னா புள்ளைய வெளிய கூட்டிட்டு போயிட்டு, வீட்ட தெறந்து வச்சு போட்டு, புகை அடங்குனப்பறம் கூட்டிட்டு வாங்க. கரி நெருப்பு தூபக்கால மட்டும் மூடுன ரூம்ல வச்சுட்டு யாரும் தூங்கிறாதீங்க, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கெடையாது, ஆள கொன்னுரும்.

கேள்வி: ஆத்தா குடுத்த கண்டாங்கி, பட்டு எல்லாம் மரப்பெட்டில. தெறந்தா பாச்சா உருண்டை வாடை, கட்டிக்கிட்டு கோயிலுக்கு போனா பக்கத்துல உள்ளவுக மூக்க சுருக்கறாக. (நாட்டரசன்கோட்டை)

பாச்சா உருண்டைய எல்லாம் பொறுக்கி வெளிய போடுங்க, கைக்குழந்தை இருக்கற வீட்டுல அது இருக்கவே கூடாது. சில குழந்தைகளுக்கு பொறவியிலயே ஜி6பிடின்னு ஒரு என்சைம் கொறைவா இருக்கும், அந்த வாடை ஏறுன துணியில சுத்துனாலே ரத்தத்துல சிவப்பணு ஒடைஞ்சு மஞ்சக்காமாலை வரலாம். அதுக்கு பதிலா கற்பூரம் வைக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க, அதையும் புள்ளைக வாயில போட்டா வலிப்பு வரும், கைக்கு எட்டாத எடம்னா மட்டும்.

சேலைகள பிரிச்சு நிழல்ல, காத்தோட்டமா, வீட்டுக்குள்ளயே கொடியில போடுங்க. பட்ட நேர் வெயில்ல போட்டா சாயம் போயிரும். ஒரு வாரம் விட்டாத்தான் அந்த வாடை போகும், அவசரப்படாதீங்க. கண்டாங்கி பருத்திங்கறதால பூந்திக்கொட்டை தண்ணியில ஒரு அலசு அலசலாம், சாயம் போகுதான்னு முந்தானை ஓரத்துல பாத்துட்டு. பெட்டிய காலியாக்கி வெயில்ல தெறந்து வச்சு, உள்ள கரி மூட்டை ஒண்ணு போட்டு மூடி வைங்க. திரும்ப அடுக்கும்போது சேலைய மடிப்ப மாத்தி மடிச்சு பழைய வெள்ள வேட்டியில சுத்தி, நிழல்ல நல்லா காஞ்ச வேப்பிலை, வசம்பு, நொச்சி எலை இதுல எது கெடைக்குதோ அத சின்ன துணிப்பையில கட்டி ஓரமா வைங்க. எலை சருகு நேரா ஜரிகையில படவேணாம். மழை முடிஞ்சதும் ஒருக்கா, சித்திரையில ஒருக்கா பெட்டிய தெறந்து காத்தாட விடுங்க.

கேள்வி: அடுப்படில அழுகுன முட்டகோஸ் மாதிரி வாடை வருது போகுது. சாக்கடைன்னு வீட்டுக்காரவுக சொல்றாக, என்ன ஊத்தலாம்? (கீழச்சீவல்பட்டி)

எதையும் ஊத்தாதீங்க. சிலிண்டர் கேஸுக்கு சொந்தமா வாடை கெடையாது, கசிஞ்சா தெரியணும்னுதான் எத்தில் மெர்காப்டான் சேத்து இப்படி நாற வச்சிருக்காக. ரெகுலேட்டர மூடுங்க, கதவு ஜன்னல தெறங்க, லைட்டு ஃபேன் எந்த சுவிட்சையும் போடவும் வேணாம் அணைக்கவும் வேணாம், வெளிய வந்து 1906க்கு போன் பண்ணுங்க. கேஸு காத்த விட கனம், தரையிலதான் தங்கும், அதனால நின்னு மோந்து பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு விட்டுறாதீங்க. ட்யூப் வாங்கி எத்தன வருஷமாச்சுன்னு பாத்து மாத்துங்க. அதே மாதிரி, மீனே வாங்காத வீட்ல சுவிட்சு போர்டு பக்கம் மீன் வாடை அடிச்சா உள்ள ஒயரு, பிளாஸ்டிக் சூடாகுதுன்னு அர்த்தம், மெயின ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீசியன கூப்புடுங்க.

கேள்வி: கல்யாணத்துக்கு பலகாரம் போட்டு வைக்க பழைய சம்படம் எல்லாம் எறக்குனேன் ஆச்சி. கழுவியும் சிக்கு வாடை போகல. இதுல மனகோலமும் அதிரசமும் வச்சா வாடை ஏறிராது? (கொத்தமங்கலம்)

ஏறும், கட்டாயம் ஏறும், அதனால வாடை போகாம பலகாரத்த போடவே போடாதீங்க. பழைய எண்ணெய் காத்து பட்டு கெட்டுப்போனதுதான் சிக்கு வாடை, அது சம்படத்து நடுவுல இல்ல, அடி மடிப்புலயும் மூடி விளிம்புலயும் ஒட்டியிருக்கும், நார் அங்க போகாது. எவர்சில்வர் சம்படம்னா சலவை சோடா ரெண்டு ஸ்பூன் போட்டு கொதிக்கற தண்ணி விளிம்பு வரைக்கும் ஊத்தி ஆறுற வரைக்கும் விட்டு, குச்சியில துணிய சுத்தி மடிப்புல விட்டு தேய்ங்க, கைக்கு கையுறை போட்டுக்கங்க. அலுமினியத்துல சலவை சோடா படவே கூடாது, கருத்து அரிச்சிரும், அதுக்கு சீயக்காத்தூளும் சுடுதண்ணியும் போதும். தகர டின்னுல உள்ள துரு தெரிஞ்சா அத பலகாரத்துக்கு வேணாம், ஒதுக்கிருங்க. கழுவுனத வெயில்ல மூடியும் சம்படமும் தனித்தனியா காய வச்சு, ஒரு கை வறுத்த பச்சரிசிய போட்டு மூடி ஒரு நாள் விட்டு தெறந்து மோந்து பாருங்க. அரிசியில வாடை இல்லன்னா பலகாரம் போடலாம், இருந்துச்சுன்னா இன்னொரு தடவை சோடா தண்ணி. பலகாரம் சூடு முழுசா ஆறுனப்பறம் அடுக்குங்க, சூட்டோட மூடுனா ஆவி தண்ணியாகி அதுவே மூணாம் நாள் ஊசல் வாடைய கொண்டு வந்துரும். சம்படத்துல முக்கால்வாசி மட்டும் போட்டுட்டு மேல இடம் விடறத விட விளிம்பு வரைக்கும் நெறச்சு வைக்கறதுதான் நல்லது, உள்ள காத்து கம்மியா இருந்தா எண்ணெய் சீக்கிரம் சிக்கு புடிக்காது.